யாவ் துரை வெட்டிய தோப்பு

கோல்டு கோஸ்டின் காட்டுப் பகுதியில் எங்கள் ஊர் ஒபெங்க்ரமுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளில், ஹாஸ்கெட் ஒருவரைத்தான் நாங்கள் பெயர் வைத்துக் கூப்பிட்டோம். மற்றவர்கள் வந்தார்கள், காய்ச்சலில் படுத்தார்கள், போனார்கள். நான் எங்கள் தலைவர் நானாவின் பேச்சாளன். நானா யாரிடமும் நேரடியாகப் பேசமாட்டார், என் வாய் வழியாகத்தான் பேசுவார். ஆகையால் ஹாஸ்கெட் சபையில் பேசியது, கேட்டது எல்லாவற்றுக்கும் நடுவில் நான் நின்றிருக்கிறேன்.

முதல் நாளே நானா அவரிடம் கேட்டார், எந்தக் கிழமையில் பிறந்தாய் என்று. இளைஞர் திருதிருவென்று விழித்தார். தெரியாதாம்! சபையே சிரித்தது. பிறந்த கிழமை தெரியாத ஆளா எங்களை ஆளப் போகிறார்? பாவம், ஊருக்கு எழுதித் தாயிடம் கேட்டு, மழைக்காலம் முடிவதற்குள் வந்து சொன்னார், வியாழன் என்று. வியாழனில் பிறந்த ஆணுக்கு எங்களிடம் யாவ் என்று பெயர். அன்று முதல் அவர் யாவ் துரை.

கூட வந்தவர்கள் பெரிய பதவிகளுக்குப் போய்விட்டார்கள். இவர் எங்கள் மாவட்டத்தையே கட்டிக்கொண்டு கிடந்தார். மனைவி ஒரு முறை வந்து, கொசுவையும் எங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். எங்கள் கிழங்குக் களியான ஃபூஃபூவை மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டார். வழக்கு என்று வந்தால் காது கொடுத்துக் கேட்டார். அதற்காக எனக்கு அவரைப் பிடிக்கும், வேறு எதற்காகவும் அல்ல.

செர்வா என்ற விதவையின் வழக்கும் அப்படி அவரிடம் வந்ததுதான். புருஷன் செத்ததும் அவனுடைய கோகோ தோப்பு அவன் அக்காள் மகனுக்குப் போயிற்று. அது எங்கள் முறை, அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேராசைக்காரன், செர்வா தன் கையால் நட்ட ஓடைக்கரைத் தோப்பையும் சேர்த்துக் கேட்டான். யாவ் துரை தோப்பு முழுக்க நடந்து பார்த்துவிட்டு, நட்டவளுக்கே மரம் என்று தீர்ப்புச் சொன்னார். அதை வைத்துத்தான் அவள் இரண்டு பெண்களை வளர்த்தாள். அதை விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

யுத்தம் முடிந்த சமயத்தில் நோய் வந்தது. கோகோ மரத்தின் தண்டு வீங்கும், தளிரில் சிவப்பு நரம்பு ஓடும், சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். மருந்து இல்லை, வெட்டுவது ஒன்றே வழி என்று மேலிடத்து உத்தரவு. காய் தொங்கும் மரத்தில் கத்தி வைக்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் அரசாங்கக் கூலியாட்கள் தோப்பு தோப்பாக வெட்டிச் சாய்த்தார்கள். ஆண்கள் பட்டப்பகலில் குடித்துவிட்டுக் கிடந்தார்கள். யாவ் துரை மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பார்த்தார். வந்த பதில் எல்லாம் ஒன்றுதான்: வெட்டு.

செர்வாவின் முறை வந்த அன்று அவள் முதல் மரத்தின் முன்னால் நின்றுகொண்டாள்.

“துரை, இது என் மரம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“உன் மரம்தான் செர்வா. ஆனா சீக்கு வந்திருச்சே.”

“என் புள்ளைக்குக்கூடத்தான் சீக்கு வந்துச்சு. வெட்டியா போட்டேன்?”

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். துரை சிரிக்கவில்லை. “ஓடையைத் தாண்டிச்சுன்னா அந்தப் பக்கம் மொத்தமும் போயிரும். புரிஞ்சுக்கோம்மா.”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். “நானாவோட புதன்கிழமை மேல ஆணை. இந்த மரத்தைத் தொடாதீங்க.”

எங்கள் நானாவின் முன்னோர் ஒருவர் போரில் விழுந்த நாள் அது. அதை வாயால் சொல்வதே குற்றம். சொல்லிவிட்டால், நானாவின் சபை கூடி விசாரிக்கும்வரை எல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். விசாரணையில் தோற்றவரை அந்தக் காலத்தில் உயிரோடு விட்டதில்லை. கூலியாட்கள் கத்தியைக் கீழே போட்டார்கள்.

“துரை, முன்னோருக்குப் படையல் முடிஞ்சதும் சபை கூடிரும். அதுவரைக்கும் பொறுங்க,” என்றேன். “இத்தனை வருஷமா இந்த ஆணைக்கு நீங்களும் மரியாதை குடுத்திருக்கீங்க.”

“இவளுக்காக நிறுத்தினா நாளைக்கு ஊரே ஆணை வெக்கும். நீங்க படையல் போட்டு முடிக்கிற வரைக்கும் நோய் காத்துக்கிட்டிருக்குமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவரே கத்தியை எடுத்தார். தன்னந்தனியாக வெட்டினார், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து வெட்டினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது. செர்வா தடுக்கவில்லை. ஆணையை மீறியவனைக் கேட்பது சபையின் வேலை. விழுந்த மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு அவருடைய நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கும் வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை தனியாக உட்கார்ந்திருப்பார்.

படையலுக்கு முன்பே தந்தி வந்துவிட்டது. தலைநகரில் கலவரம், கட்டாய வெட்டு நிறுத்தப்படுகிறது என்று. செர்வாவுடையதுதான் கடைசியாக வெட்டிய தோப்பு.

வேறொருவராக இருந்தால் முரசு அடிக்கிறவனை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இவர் என்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார். பாதியைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், மீதியை நான் சொன்னேன்.

“அப்ப என் மரம் நின்னிருக்குமா?” என்றாள் செர்வா.

“நின்னிருக்கும். ஆனா கொஞ்ச வருஷத்துல சீக்குல செத்திருக்கும். சத்தியமா செத்திருக்கும், செர்வா.”

“செத்திருக்கட்டுமே, யாவ்.” துரை என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள். “தானா செத்திருந்தா ஒப்பாரி வெச்சிட்டு எந்திரிச்சிருப்பேன். நீ வெட்டிப் போட்டதுக்கு எப்படிடா ஒப்பாரி வைப்பேன்?”

சபை கூடிய அன்று யாவ் துரை செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு வந்து நின்றார். மீறியது யார் என்று நானா கேட்க, நான் எடுத்துச் சொல்வதற்குள் அவரே “நான்தான்” என்றார். அபராதமாக ஒரு ஆட்டையும் கொடுத்தார். அந்த வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு லாரி ஏறினார், வழியனுப்ப ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

வழக்கில் ஜெயித்தவருக்குத் தோளில் வெள்ளைக் களிமண் பூசுவோம். செர்வாவுக்கும் பூசினோம். அதைக் கழுவக்கூடச் செய்யாமல், சபையிலிருந்து நேராக ஓடையைத் தாண்டிப் போய், காய் உடைக்கக் கூலிக்கு ஆள் வேண்டுமா என்று தோப்புத் தோப்பாகக் கேட்டுக்கொண்டு போனாள்.