எலுமிச்சம்பழத்தின் முன்னால் காத்திருந்த பேருந்து

ஒரகடத்தில் என் கணவர் சரவணன் வேலை பார்க்கும் கார் ஆலைக்குள் குடும்பத்தோடு போக வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. அது ஆயுத பூஜை நாள். கல்யாணமான வருடம் நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், அடுத்த வருடம் கர்ப்பம், அதற்கடுத்த வருடம் கைக்குழந்தை. இந்த 2013இல்தான் போக வாய்த்தது. பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஆலையில் சனிக்கிழமையே பூஜை. அடுத்த வருடம் சின்னக் குழந்தையோடு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். மகள் மகிழினி தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ஜூன் மாதம் என் முதல் ஆல்பத்தை வெளியிட்டேன். வெளியிட்டேன் என்பது பெரிய வார்த்தை. நானே எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டில் மடிக்கணினியில் பதிவு செய்த எட்டுப் பாட்டுகள். சிடி போட்டு வானொலிக்கு அனுப்பினேன், கடைகளில் வைத்தேன், உறவுக்காரர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் இரண்டு வரி கேட்டுவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றித் தந்துவிடுவார்கள். என்னை யாரென்றே தெரியாத ஒருவர் ஒரு பாட்டையாவது கடைசி வரை கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மைக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு மறுபடி கல்லூரி வேலைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருந்தேன். இதைச் சரவணனிடமும் சொல்லியிருந்தேன். "சரி, பஸ்ல போட்டுப் பாக்கலாம். ஏழுமலை அண்ணன்கிட்ட நான் சொல்றேன்" என்றார்.

ஏழுமலை அண்ணன் அவருடைய ஷிப்ட் பஸ்ஸின் ஓட்டுநர். படப்பைக்காரர்.

காலை ஏழே காலுக்கு வீட்டிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம், நாற்பது ரூபாய். குன்றத்தூர் நிறுத்தத்தில் ஏழரைக்கு கம்பெனி பஸ். அன்றைக்குக் குடும்பத்துக்கும் கட்டணம் இல்லை. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, பஸ்ஸே மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. நான் மகிழினிக்கு மூன்று செட் உடுப்பு, வெந்நீர், காய்ச்சல் மருந்து, வாந்தி எடுத்தால் பிடிக்க நாலு பிளாஸ்டிக் பை எல்லாம் வைத்திருந்தேன். பையைப் பார்த்துவிட்டு ஏழுமலை அண்ணன் கேட்டார்.

"இன்னாம்மா, குடி போறீங்களா?"

சோமங்கலம், மணிமங்கலம், படப்பை வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். முந்தின ராத்திரி மழை பெய்திருந்ததால் ஏரிக்கரைகளில் வெள்ளையாகப் புகை நின்றது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கம்பெனி பஸ்கள் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் வாழைக்கன்று. தோப்பே இடம் பெயர்ந்து வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. மகிழினி வாந்தி எடுக்கவில்லை. எடுக்கப்போகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத்தான் தலை சுற்றியது.

சோமங்கலம் தாண்டியதும் ஏழுமலை அண்ணன் என் சிடியைப் போட்டார். சரவணன் என் முழங்கையை இடித்தார். நான் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாம்மா இது, டிஸ்க்கு சுத்துது, பாட்டக் காணோம்?"

"பாடிக்கிட்டுதான்ணா இருக்கு."

"யாருக்குப் பாடுது, அதுக்குள்ளயே பாடிக்குதா?"

பஸ்ஸில் சிரிப்பு. சத்தத்தைக் கடைசி வரை திருகினார். என்ஜின் இரைச்சலுக்கு அடியில் யாரோ அடுத்த அறையில் முணுமுணுப்பது போல ஏதோ வந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பாட்டையும் மகிழினி மதியம் தூங்கும்போதுதான் பதிவு செய்தேன். தொட்டிலுக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு அலமாரிக் கதவுதான் மறைப்பு. அவள் விழித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் அடக்கி அடக்கிப் பாடியிருக்கிறேன். ஹெட்போனில் கேட்டதால் தெரியவே இல்லை. ஓர் ஆல்பம் முழுக்க, குழந்தை எழுந்துவிடுமோ என்ற பயத்தோடு பாடிய ஒருத்தியின் குரல்.

இரண்டாவது சரணத்தில் அண்ணன் சிடியை வெளியே எடுத்துவிட்டுத் தன்னுடைய குத்துப் பாட்டைப் போட்டார். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார். பஸ்ஸே அதிர்ந்தது, மகிழினி வீறிட்டாள். பின் இருக்கைக்காரர் ஒருவர், "இது பாட்டு" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆலை வாசலில் கைபேசி, கேமரா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் படம் ஒன்றும் இல்லை. குழந்தைக்கும் மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு வந்த இரண்டு குடும்பத்தை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், பாவமாக இருந்தது.

உள்ளே நான் எதிர்பார்த்தது இரைச்சல். இருந்தது அமைதி. உற்பத்தி லைனை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியும் சக்கரமும் இல்லாத கார்கள் அந்தரத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சாமந்திப்பூ. வெல்டிங் ரோபோக்கள் மஞ்சள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மூக்கிலும் விபூதி, குங்குமம். கூரைத் தகட்டின் வழியாக வந்த வெளிச்சத்தில் சாம்பிராணிப் புகை மெதுவாக ஏறியது. யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சரவணனிடம் மூன்று தடவை கேட்டேன். "மெயினையே ஆஃப் பண்ணிட்டாங்கடி" என்றார் மூன்று தடவையும்.

மகிழினி ஒரு ரோபோவை வெகு நேரம் பார்த்தாள். பிறகு உதட்டில் விரல் வைத்து, "தூங்குது" என்றாள். வீட்டில் நான் செய்கிற அதே சைகை. அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் வந்த பத்துப் பன்னிரண்டு பேரும், ஏனென்று தெரியாமலே, மெதுவாகத்தான் பேசினார்கள்.

கேன்டீனில் சுண்டல், பொரி, சாப்பாடு. சாம்பார் குழந்தைகளுக்குக் காரம், தயிர்சாதம் கொண்டு போங்கள். கை கழுவும் இடத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். டிரெயினி சீருடை, இருபது வயது இருக்கும். பெயர் முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கம். குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பெண்கள் விடுதியில்தான் தங்கியிருக்கிறாளாம். இத்தனை நாள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"எக்கா, காலைல பஸ்ல போட்டது நீங்க பாடுனதா? எனக்கு நேர் மேலதான் ஸ்பீக்கர். சட்டையப் பத்தி என்னமோ வந்துச்சு. அதுக்குள்ள அண்ணாச்சி எடுத்துட்டாவ."

சட்டையைப் பற்றித்தான். சாயங்காலம் எங்கள் பால்கனியில் நின்றால் அந்த விடுதியின் மொட்டை மாடி தெரியும். கொடி முழுக்க ஒரே நிறச் சீருடைகள். அதைப் பார்த்து எழுதிய பாட்டு. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

திரும்பும்போது பேருந்து நிறுத்துமிடத்தில் வண்டிகளுக்குப் பூஜை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு ஏழுமலை அண்ணன் பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு பக்கச் சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தார். அவற்றை நசுக்கிக்கொண்டு வண்டி நகர வேண்டும். அதுவும் ஒன்றரைக்குள், ஏனென்றால் ஒன்றரைக்கு எமகண்டம். அவர் சாவியில் கை வைத்தபோது மணி ஒன்று இருபத்தாறு.

"அண்ணாச்சி, காலைல எடுத்த பாட்ட இப்ப போடுங்க" என்று கடைசி இருக்கையிலிருந்து முத்துலட்சுமி கத்தினாள்.

"அதான் கேக்கலியேம்மா."

"இப்ப வண்டி ஓடலேல்லா. கேக்கும்."

"நேரம் ஆவுது புள்ள."

"ஒரே ஒரு பாட்டு அண்ணாச்சி."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சாவியைப் பாதி மட்டும் திருப்பி, சிடியைப் போட்டார்.

என்ஜின் இல்லாத பஸ்ஸில் என் குரல் வந்தது. அலமாரிக் கதவுக்குப் பின்னால் பாடிய அதே அடங்கிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

'ஒரே நிறத்தில் ஐம்பது சட்டை,
எது என் சட்டை, காற்றே சொல்லு.
ஊர் மண் ஒட்டிய ஒன்று இருக்கும்,
அதை மட்டும் கொஞ்சம் அசைத்துக் காட்டு.'

பொரிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "இது பாட்டு" என்று சொன்னவர் தனக்கு முன்னாலிருந்த இருக்கையில் நெற்றியைச் சாய்த்திருந்தார். வெளியே இருந்து யாரோ, "ஏழுமல, எடுய்யா, டைம் போவுது" என்று தகரத்தைத் தட்டினார். அண்ணன் சன்னல் வழியாகக் கையை நீட்டி, இரு என்பது போலக் காட்டினார்.

இரண்டாவது சரணம் வந்தது. காலையில் அறுந்த இடம். அதைத் தாண்டிப் போனது.

பாட்டு முடிந்தும் அவர் உடனே சாவியைத் திருப்பவில்லை. பிறகு, "போலாமா?" என்றார், பஸ்ஸைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நான் தலையசைத்தேன். நாலு பழமும் நசுங்குகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

"அது எங்க மொட்டமாடில்லாக்கா" என்று இறங்கும்போது முத்துலட்சுமி கேட்டாள். ஆமாம் என்றேன். "இனிமே துணி காயப்போட்டா ஒங்க பால்கனியப் பாப்போம்" என்றாள்.

சிடியை ஏழுமலை அண்ணன் திருப்பித் தரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து ஆட்களைக் கூட்டிவரும்போது சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போடுகிறாராம். வண்டி நகர்ந்ததும் நிறுத்திவிடுகிறாராம், சரவணன் சொன்னார்.

போகிறவர்களுக்கு: மூடிய ஷூ, தயிர்சாதம், ஒரு செட் மாற்றுடுப்பு போதும். அடையாள அட்டை நகல் ஒரு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்பவர்கள் வெளியிடும் முன் ஒரு தடவை ஓடுகிற வண்டியில் கேட்டுவிடுங்கள், நிற்கிற வண்டியிலும். கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பவில்லை. அடுத்த பாட்டையும் மகிழினி தூங்கும்போதுதான் பதிவு செய்யப்போகிறேன்.

வழக்கமாகக் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் எழுதுவேன். திரும்பும்போது ஆலையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று கேட்காதீர்கள். ஒன்றரைக்கு முன்னாலா பின்னாலா என்றுகூடத் தெரியாது. நான் மணி பார்க்கவில்லை.