அம்மாவுக்குப் பிடிச்ச ஒரே ஆமிக்காரர்

நோர்வேயிலை, குரோருட்டிலை எங்கடை பக்கத்து வீட்டுக்காரர் ஆர்ன. லெபனானிலை ஐநா படையிலை இருந்த நோர்வேக்காரர். இண்டைக்கு அவற்றை செத்தவீடு, சேர்ச்சிலை.

“போறன் எண்டு சொல்லக்கூடாது, போட்டு வாறன் எண்டு சொல்லவேணும்” எண்டு அவருக்குப் பழக்கினதே அம்மாதான்.

பிறகென்ன, அவற்றை மகள் இங்கிரிட் சின்னனிலை அதைச் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனால், மனுசன் சாரைப்பாம்பு மாதிரிப் பின்னாலை ஓடுவார், சொல்லுமட்டும் விடார்.

எல்லாம் முடிஞ்சு சேர்ச்சாலை வெளிக்கிடேக்கை அம்மா என்ரை காதுக்குள்ளை, “செத்தவீட்டிலை போட்டு வாறன் சொல்லப்படாது. பேசாமல் வா” எண்டா.

வாசலிலை இங்கிரிட் மறிச்சா. “போட்டு வாறன் சொல்லாமல் போறியளோ? அப்பா பின்னாலை ஓடி வருவார்!”

அம்மா ஆர்னவின்ரை படத்தைப் பார்த்து, “போட்டு வாறன்” எண்டு சத்தமாய்ச் சொன்னா.

ரயில் ஸ்டேஷன் வாறமட்டும் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தவ. பயத்திலையோ பாசத்திலையோ தெரியேல்லை. துணிவிருந்தால் நீங்கள் கேளுங்கோவன்.