முன்னறைக் கதிரை

ராக்கம்மா பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குச் சமையலுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகும் அவர் அதே குசினியில்தான் இருந்தார். தெமட்டகொடையில் கூலி வேலை செய்த கணவர் செல்லையா, ஞாயிறுகளில் பின்கதவால் வந்து பார்த்துப் போவார்.

அது யுத்த காலம்; வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் தமிழர் பொலிசில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் சித்தியின் மகன் ஸ்ரீஸ்கந்தராசா பொலிசில் பதியாமல் எங்களோடு இருந்தான். பிடிபட்டால் எங்கே கொண்டுபோவார்களோ தெரியாது. அதற்கு என் அம்மா கனகேஸ்வரி ஒரு வழி வைத்திருந்தார். சோதனை என்றால் ராக்கம்மா அம்மாவின் சேலையை உடுத்து, வீட்டுக்காரியாக முன்னறைக் கதிரையில் உட்கார வேண்டும். அவருக்கு மலைநாட்டு அடையாள அட்டை, சரளமான சிங்களம்; யாழ்ப்பாண வீடென்று சந்தேகம் வராது. மற்ற நாட்களில் அந்தக் கதிரையைத் துடைப்பதோடு சரி.

ஒரு மாலை பொலிஸ் வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா குளியலறைக்குள் ஒளிந்தான்.

“மே கெதர காகேத?” வீடு யாருடையது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“மகே, மாத்தயா.” என்னுடையது ஐயா என்று நன்றாகச் சாய்ந்துகொண்டார் ராக்கம்மா. “கனகம், ஐயாமாருக்குத் தேத்தண்ணி கொண்டா.”

அம்மாவின் முகம் சுருங்கியது. தட்டத்தோடு வந்தார். பொலிஸ்காரருக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். ஓரத்தில், ராக்கம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்த நெளிந்த தகரப்பேணி. கை பழக்கத்தில் அதைத்தான் எடுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பேணியைப் பார்த்தார், வீட்டுக்காரியைப் பார்த்தார். உள்ளறைப் பக்கம் திரும்பி எழுந்தார்.

ராக்கம்மா பேணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். “தோட்டத்துப் பழக்கம், மாத்தயா,” என்று சிங்களத்தில் சிரித்தார். “சல்லி வந்தும் நாக்கு மாறல. பேணியில குடிச்சாத்தான் தேத்தண்ணி.”

“என் அம்மாவும் இப்படித்தான்,” என்று இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். குடித்துவிட்டுப் போனார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தான். “பெரியம்மா, நீங்கள் இல்லாட்டி நான் முடிஞ்சன்!”

ராக்கம்மா ஏற்கெனவே குசினிக்குள் போய்விட்டார். நான் ஒரு பீங்கான் கோப்பையைக் கழுவி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அம்மா கண்டுவிட்டார்.

“இப்ப ஏன் அதை எடுக்கிறாய்? பொலிஸ் வரேக்க குடுப்பம், அது போதும்.”

“அம்மா சொல்றது சரிதாங்க,” என்றார் ராக்கம்மா, சேலையை மடித்தபடி. “சீலையையும் கோப்பையையும் ஒரே எடத்துல வைங்க. அவசரத்துக்குத் தேட வேணாம்.”

அது நல்ல யோசனை என்றார் அம்மா. ராக்கம்மா பேணியில் மிச்சமிருந்ததைக் குடித்தார். நான் ஊற்றிய தேத்தண்ணியோடு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.