பஞ்சாரத்துக்குள் ஒரு கால்

நான் வைக்கோற்போரின் மேல் நின்றிருந்தேன். கீழே சுப்பிரமணி வந்து நின்றான், தோளில் துண்டில்லை. "நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாருங்க மாமா. அப்பன் போயிட்டாரு" என்றான். நாச்சிமுத்து மச்சான், என் மனைவி மாராத்தாளின் அண்ணன், இறந்துவிட்டார். அழுகைக்கு முன் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? 'இனி முதல் சால் யாருக்கு?' என்றுதான் நினைத்தேன்.

எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் சித்திரை மாதப் பிறப்பான விசு விடிந்ததும் கோயில் வயலில் ஒருவர் ஏர் பிடித்து முதல் சால், அதாவது முதல் உழவுக்கோடு, ஓட்டுவார். காலில் செருப்பிருக்கக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் மழையும் நின்றுவிடும் என்பார்கள். அதன் பிறகுதான் மற்றவர்கள் ஏரைத் தொடலாம். அந்த உரிமை மச்சான் வீட்டுக்கு. அவர் சால் கொஞ்சம் வளையும். என் சால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் மாராத்தாள் விடுவாளா? "எங்கண்ணன் சாலு வளைஞ்சாலும் நெல்லு நேராத்தான மொளைக்குது" என்பாள்.

வங்காளதேசச் சண்டை ரேடியோவில் ஓடிய வருடம் அவர் கால் கட்டைவிரல் வீங்கியது. சித்தூர் டாக்டரிடம் வண்டி பூட்டி அழைத்துப்போனது நான்தான். வழியில் அச்சாணி கழன்றது, ஒரு புண்ணியவான் வேப்பங்குச்சியைச் செருகிக் கொடுத்தான். அது தனிக் கதை. டாக்டர் கீல்வாதம் என்றார். இரத்தத்தில் சேர்ந்த உப்பு மூட்டில் போய்த் தங்குகிறதாம். மாத்திரையை விடக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கள்ளும் ஈரலும் ஆகவே ஆகாது.

வலி வந்துவிட்டால் போர்வை பட்டால்கூட மச்சானுக்கு உயிர் போகும். ஈ உட்கார்ந்தால் கத்துவார். அதனால் கோழி மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைக் காலுக்கு மேல் கவிழ்த்து, அதன் மேல் போர்வையைப் போட்டுக்கொண்டார். வீடிழந்த கோழி அவர் கட்டிலுக்கு அடியிலேயே முட்டையிட்டது. ஊரே வந்து பார்த்தது. குலை குலையாக இளநீர் வந்து இறங்கியது. மாராத்தாள் என் சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு ஓடினாள். படுத்துக்கொண்டே ஒரு மனிதன் இவ்வளவு பெயர் வாங்க முடியுமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் வருடம், விசுவுக்கு முந்தின நாள் மதியம், ஒரு தூக்குப்போசி நிறைய ஆட்டு ஈரல் வறுவலும் ஒரு குப்பிக் கள்ளும் எடுத்துக்கொண்டு போனேன். பாசத்தில் போனேன் என்று சொல்லமாட்டேன்.

"என்ன மாப்ளே, வாசம் வாசல்லயே தூக்குது?"

"சும்மா, ஊட்டுல செஞ்சதுங்க மச்சான்."

"மாராத்தாளா செஞ்சா?"

"இல்லீங்க, நானு."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போசியை வழித்துத் தின்றார்.

விடிந்தபோது மச்சான் கால் பஞ்சாரத்துக்குள் இருந்தது. "ஏரு நீ புடி மாப்ளே" என்று ஆள் அனுப்பினார். ஓட்டினேன். அப்படி ஒரு நேர்ச்சால் அந்த வயல் கண்டதில்லை. ஆனால் மச்சானைக் கட்டிலோடு தூக்கிவந்து வரப்பில் வைத்திருந்தார்கள். சனம் முழுக்கப் பஞ்சாரத்தைப் பார்த்தது. என் சாலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சாலு நேராத்தான் போயிருக்குது. ஈரலும் நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த வருடம் என் கட்டைவிரலும் சிவந்தது. "முள்ளுக் குத்தியிருக்கும், ஊசி எடுத்தாரட்டா?" என்றாள் மாராத்தாள். ஒரு இளநீர்கூட வரவில்லை. மச்சான்தான் தடியூன்றி வந்தார், கையில் பஞ்சாரத்தோடு. அவரே என் காலுக்கு மேல் கவிழ்த்தார்.

"தெரிஞ்சே ஏனுங்க மச்சான் தின்னீங்க?" என்று கேட்டேன்.

"உனக்குச் சாலு மேல ஆச, எனக்கு ஈரலு மேல ஆச. ரெண்டும் ஒண்ணாத் தீந்துச்சு. அதயப் போயி மாராத்தாகிட்டச் சொல்லிப்போடாத. என்னையத்தான் வைவா."

வஞ்சம் வைத்திருந்தால் எனக்குச் சமமாகியிருப்பார். அதிலும் என்னை முந்திக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு விசுவுக்கும் அவரே ஓட்டினார், வளைத்து வளைத்து.

காரியம் முடிந்ததும் சுப்பிரமணி வந்தான். "எங்களுக்கு இந்த வருசம் ஆகாதுங்க மாமா. மொத சாலு நீங்கதான் ஓட்டோணும்" என்றான். இத்தனை வருடம் ஏங்கியது வீடு தேடி வந்துவிட்டது. இப்போது என் காலை நினைத்துத்தான் பயம். விசுவுக்கு இன்னும் பத்து நாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன். ஈரல் வாசம் வந்தால் வேறு தெருவில் போகிறேன்.

மச்சானுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பஞ்சாரம்தான். விசுவன்று அதை வரப்பில், அவர் கட்டில் கிடந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனம் என் சாலைப் பார்க்காது, அதைத்தான் பார்க்கும். பார்க்கட்டும்.