'எரிக்கப்பட்டது' என்று நான் எழுதிய கொடி

செடிகொடிகளுக்குப் பாஸ்போர்ட் பார்ப்பதற்கென்று ஓர் அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்பதே, நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிற விதை, குச்சி, கிழங்கு எதுவானாலும் சரி, அதில் பூச்சியோ நோயோ ஒட்டிக்கொண்டு வரக்கூடாது, அதுவே நாளைக்குக் களையாகப் பரவவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், இரண்டு அறைக் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து அதைச் செய்தேன். படித்தது விவசாயம், செய்ததில் பாதி, திருதிருவென்று விழித்தது. விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நீங்களும் விழித்ததுண்டு என்றால், நீங்கள் என் கட்சி. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பூச்சி ஆபீஸ்

ஊரில் எங்களுக்கு வைத்த பேர் 'பூச்சி ஆபீஸ்'. நான் சேர்ந்த முதல் வாரமே அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பை நிறையச் சொத்தைக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டி, மருந்து கேட்டார். "உள்ளூர்ப் பூச்சி எங்க பொறுப்புல வராதுங்க, வெளிநாட்டுல இருந்து வர்றத மட்டும்தான் தடுப்போம்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம்தான். தடுக்க வேண்டியவற்றின் படங்கள் அடங்கிய கோப்பு ஒன்று கொடுத்திருந்தார்கள். நகலுக்கு நகல் எடுத்ததில் வண்டும் இலையும் ஒரே மாதிரி மைத் தீற்றலாகி இருந்தன.

அவர் காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கட்டடத்தைச் சுற்றி இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் பூத்துக் கிடந்தது. அது வெளிநாட்டுக் கோதுமையோடு வந்து இறங்கிய சமாச்சாரம் அவருக்கும் தெரிந்திருந்தது. கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இது வந்து எறங்குனப்ப உங்க ஆபீசு லீவுங்களா?"

உருளைக்கிழங்கில் மூன்று குச்சி

சோமனூர் சென்னியப்பன் தோட்டத்தில் பாதியை விற்றுத் தறி போட்டவர். சார்ஜாவில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனால் ஒரு விதையோ குச்சியோ இல்லாமல் கையை வீசிக்கொண்டு திரும்ப மாட்டார்கள். போன இடத்தின் ஞாபகம் தோட்டத்தில் முளைத்து நிற்க வேண்டும். அவர் பையில், மடித்த வேட்டிகளுக்கு நடுவில், பெரிய உருளைக்கிழங்கு ஒன்று இருந்தது. அதில் மூன்று கொடிக் குச்சிகளைச் செருகி வைத்திருந்தார். கிழங்கின் ஈரத்தில் குச்சி வாடாதாம். கைக்குட்டை முடிச்சில் கொஞ்சம் விதை வேறு. கிழங்கு, குச்சி, விதை என்று மூன்றுக்கும் மூன்று தனித்தனி விதி. எதை முதலில் பறிமுதல் செய்வது என்று எனக்குக் குழப்பம்.

சக்கரவள்ளி இலை மாதிரி இலை. ஊதாப் பூ பூக்கும் என்றார். பேர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்டு அதிகாரிகள் கொடுத்த சான்றிதழ் இல்லாமல் எதையும் உள்ளே விட முடியாது என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குச்சியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "எந்தப் பூச்சின்னு மட்டும் காட்டுங்க கண்ணு, நானே நசுக்கிப்போட்டு எடுத்துட்டுப் போறனுங்க" என்றார்.

ஒரு சாண் குழி

பிடித்ததை எரிக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கென்று ஐப்பசி மழை. மண்ணெண்ணெய் டின் காலி. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. நானும் குமாஸ்தா சுப்பிரமணியும் கட்டடத்துக்குப் பின்னால் போய் ஒரு முழக் குழி தோண்டப் பார்த்தோம். அடியில் கல்லாக இருந்ததால் அது ஒரு சாணோடு நின்றது. கிழங்கு, குச்சி, விதை எல்லாவற்றையும் அதில் போட்டு மூடினோம். மறுநாள் காலையில் மூன்று மாதப் பயிற்சிக்கு நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பதிவேட்டை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரத்தில் 'எரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த ஒரு வார்த்தை பொய்யென்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பேனாவை மூடும்போது மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. சுப்பிரமணி கையைக் கழுவிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "எரிச்சா என்னங்க மேடம், பொதைச்சா என்னங்க, போனது போனதுதானுங்களே."

ஆபீசுக்கு ஒரு லட்சணம்

பொங்கல் கழித்துத் திரும்பி வந்தேன். பின்பக்கச் சுவரே தெரியவில்லை. கொடி சுவரை மூடி, கழிப்பறைக் கூரை மேல் ஏறி, அங்கிருந்து வேப்பமரத்துக்குத் தாவியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஊதாப் பூ. நடுநடுவே கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். அது காய்ந்து வெடித்தால் அப்புறம் காற்று எங்கே கொண்டுபோகும் என்று யார் சொல்ல முடியும்? எங்கள் அலுவலகத்தைக் கூட்டுகிற ராசாத்தியக்கா, சுவருக்குப் பக்கத்தில் வெற்றிப் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார். சாணம் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அவர்தான். கேட்டவர்களுக்குக் குச்சி ஒடித்தும் கொடுத்திருக்கிறார்.

யார் யாருக்கு என்று கேட்டேன். துடியலூரில் அவர் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒருத்தருக்கு. சோமனூரில் தறி ஓட்டும் தம்பிக்கு. ஈரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு. சுவரிலிருந்த கொடியை அன்றே வேரோடு பறித்துக் கண்ணெதிரே எரித்தோம். மற்ற மூன்றும் காய் வெடிப்பதற்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டினால் என்னையல்லவா முதலில் திட்டிக்கொள்ள வேண்டும்? என் முகத்தைப் பார்த்து அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்: "நீங்க இல்லாதப்ப வாடிப்போயிருமோன்னு ஒரு கொடம் சேத்தித்தானுங்க ஊத்துனேன்."

பேர் தெரியாத கோப்பு

நான் பயப்படுவது நியாயமா என்றே எனக்குத் தெரியவில்லை. அது கெட்ட களையா, சும்மா அழகுக் கொடியா? எரிப்பதற்கு முன் ஒரு தண்டைப் பூவோடு ஒடித்து, பேர் கேட்டு ஒரு நிபுணருக்குப் பார்சல் அனுப்பியிருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது: மாதிரி வாடிய நிலையில் வந்து சேர்ந்ததால் அடையாளம் காண இயலவில்லை, உயிருள்ள செடியை அனுப்பவும். உயிருள்ள செடியை அனுப்பக்கூடாது என்பதுதான் எங்கள் விதி! கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு சுப்பிரமணியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லாத செடிக்கு எந்தக் கோப்புலங்க மேடம் நான் போடறது?"

துடியலூர்த் தும்மல்

துடியலூரில் கொடி இருந்தது பழனியப்பன் வீட்டு வாசலில். பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குழாயடிக்கு மேல் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றிவிட்டு, அதன் நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லப் பயந்து, அந்தப் பூ உடம்புக்கு ஆகாது, தும்மல் வரும் என்று அளந்துவிட்டேன்.

பிறகு அரை மணி நேரம் கெஞ்சி, நல்ல முல்லைக் கன்று ஒன்று கொண்டுவந்து நட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பின்தான் கொடியை வெட்ட விட்டார். கொடுத்தபடி நட்டும் கொடுத்தேன். வெட்டும்போது பேப்பரை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பஞ்சுத் தூசியில எனக்கு இருவது வருசத் தும்மலுங்க, இந்தக் கொடி வந்துதானுங்க அது நின்னுது."

சொந்தக்காரரிடமே

சோமனூரில் ராசாத்தியக்காவின் தம்பி, தறிக்கூடத்து ஷீட் கூரையில் வெயில் இறங்காமல் இருக்கக் கொடியை ஏற்றியிருந்தார். தறிச் சத்தத்தில் நான் கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. அவர் கத்துவது எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் முதலாளியைக் கூட்டிவந்தார். வந்து நின்றவர் சென்னியப்பன்.

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கூரையைப் பார்த்தார். தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்த ஏதோ ஒரு கொடி என்று நினைத்து, இத்தனை நாளும் அதை அவர் கவனிக்கவே இல்லையாம். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தம்பி ஏறி ஒரு காய் விடாமல் பறித்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். ஏணியைக் கீழே வைத்துவிட்டு சென்னியப்பன் சொன்னார்: "அன்னைக்கே என்ற கையில குடுத்திருந்தா, ஒரே ஊட்டோட நின்னிருக்குமுங்களே கண்ணு."

கிணற்றுமேடு

ஈரோட்டுக்கு மேற்கே ஒரு மஞ்சள் தோட்டம். எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு. ராசாத்தியக்காவின் மகள் அங்கே வேலை செய்கிறாள். காட்டுக்குச் சொந்தக்காரர் தெய்வானையம்மாள். மகள் நட்ட குச்சி கிணற்றுமேட்டில் முள்ளை மறைத்துக்கொண்டு கொடியாகப் படர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு அதன் பூதான். நான் போனபோது பாதிக் காய் வெடித்திருந்தது. பத்தடியில் மஞ்சள் பாத்தி. வெட்டியெடுத்த கிழங்கை ஒரு பக்கம் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். தும்மல் கதையைச் சொன்னேன். அரசாங்க உத்தரவு என்றேன். "எதுக்குன்னு சொல்லுங்க, புடுங்கறேன்" என்பதைத் தவிர அவர் வேறு பேசவில்லை.

எனக்கு அலுத்துப்போய்விட்டது. பொய் சொல்லிச் சொல்லி மூன்றாவது ஊருக்கு வந்திருக்கிறேன். "இது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியாதுங்க. எரிக்காமப் பொதைச்சுட்டு, எரிச்சதா எழுதிட்டேன். கெட்டதா இருந்தா உங்க காடு போயிரும். அதுதான் ஓடியாந்தேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பாத்தியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டார். எல்லோருமாகக் கிணற்றுமேட்டில் குந்தி, மண்ணைக் கையால் அளைந்து, கடுகளவு விதைகளைப் பொறுக்கி முறத்தில் போட்டோம். பொழுது சாய்கிறவரை பொறுக்கினோம். கொடியும் விதையும் மஞ்சள் வேகிற அடுப்புக்குள்ளேயே போயின. எல்லாம் கிடைத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

கோயம்புத்தூர் திரும்பிய மறுநாள் பதிவேட்டில் அந்த வார்த்தையை அடித்து, நடந்ததை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன். வேலை போகவில்லை, நிரந்தரமாவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆனால் எனக்கு நிஜமான உத்தரவு போட்டவர் தெய்வானையம்மாள்தான். விதை பொறுக்கிய அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது என் கையிலிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியாதுன்னு சொல்ற ஆபீசர இன்னைக்குத்தான் கண்ணு பாக்கறேன், அதுக்காக உட்டுருவேன்னு நெனைக்காத, வருசா வருசம் மழை பேஞ்சதும் வந்து, இந்த மேட்டுல குனிஞ்சு பாத்துட்டுத்தான் போகோணும்."

வெளிநாட்டுக் களை உள்ளே நுழையாமல் தடுக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த ஆளாகிய நான், எனக்குத் தெரிந்து என் காலத்தில் உள்ளே நுழைந்த ஒரே கொடியை நானே நட்டுவிட்டு, அதன் பேர்கூடத் தெரியாமல் ஒவ்வொரு மழைக்கும் பஸ் பிடித்துப் போய் ஒரு கிணற்றுமேட்டில் குனிந்துகொண்டிருந்தேன்.