டீபாட்டுக் குல்லா

பண நெருக்கடியில் கட்டட வேலைகள் முடங்கி, துபாயில் கிரேன்கள் அசையாமல் நின்றுபோன வருஷம் அது. அந்த மார்ச் மாதமும் எங்கள் டீ ரூமுக்கு வசந்தம் அட்டைப்பெட்டியில்தான் வந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து அதை இறக்கிப் பிரிப்பது என் டூட்டி. மஞ்சள் துணிப்பூக்கள், மஞ்சள் திரை, முயல் படம் போட்ட மேஜை விரிப்பு, 'ஸ்பிரிங் டீ' என்று எழுதிய பலகை. வெளியே அல் ஐன் போகிற சாலை. அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை மணல். ஜனவரி மழைக்கு முளைத்திருந்த கொஞ்சம் பச்சையையும் ஒட்டகங்கள் ஒரே வாரத்தில் மேய்ந்து முடித்திருந்தன.

கடை ஓர் இங்கிலாந்து அம்மாவுடையது. அறுபது வயசிருக்கும், எங்களுக்கு மேடம். பக்கத்துக் குடியிருப்பு வெள்ளைக்காரர்கள்தான் வாடிக்கை. மற்ற வருஷங்களில் வசந்தத்தில் நாற்காலி கிடைக்காது. இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு மேஜை காலியானது. போனவர்கள் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆள் வராத மேஜையிலும் பூ இருக்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. பழைய டூத்பிரஷ்ஷால் இதழ் இதழாகப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதே புழுதி, அதே இதழ்.

டீயோடு தின்கிற ஸ்கோன் என்ற இங்கிலீஷ் பன்னைச் சுடுபவர் கீழக்கரைக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சாண்ட்விச்சுக்கு ரொட்டியின் ஓரங்களை வெட்டி எறியச் சொல்லுவார் மேடம். அவற்றை வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து எங்களுக்கு உப்புமா ஆக்குவார் காக்கா. நடுவெல்லாம் இங்கிலாந்துக்கு, எல்லையெல்லாம் நமக்கு என்பேன்.

சும்மா இருந்தால் எனக்கு வாய் அரிக்கும். ஆள் இல்லாத ஒரு மத்தியானம், டீபாட் ஆறாமலிருக்க மேலே கவிழ்க்கிற கம்பளிக் குல்லாவைத் தலையில் மாட்டி, இடுப்பை ஒடித்து, சுண்டுவிரலைத் தூக்கி, "மில்க் ஃபர்ஸ்ட், டார்லிங்" என்று, கோப்பையில் டீக்கு முன்னால் பாலை ஊற்றச் சொல்லும் மேடத்தை நடித்துக் காட்டினேன். காக்கா சிரிக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் மேடம். குல்லாவை என் தலையிலிருந்து எடுத்து, உள்ளே முடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, டீபாட்டின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாஸ்போர்ட்டை நீட்டினார். இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கல்ஃபில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அங்கே நம் பாஸ்போர்ட் முதலாளியின் டிராயரில் தூங்கும். ஒன்று, லீவில் ஊர் போகும்போது நம் கைக்கு வரும். இல்லையென்றால், விசாவைக் கேன்சல் செய்து அனுப்பும்போது வரும். நான் லீவு முடிந்து திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பத்தாறு வயசுக்காரனுக்கு எவன் புது விசா கொடுப்பான்? ஒரு குல்லாவால் பிழைப்பு போயிற்று என்று முடிவே கட்டினேன். காக்காவுக்கும்தானே கொடுத்தார் என்று தோன்றவில்லையா? தோன்றியது. வேடிக்கை பார்த்த குற்றத்துக்கு அவருக்கும் தண்டனை என்று அதற்கும் காரணம் வைத்திருந்தேன். பயம் வந்துவிட்டால் என் மூளை அபாரமாக வேலை செய்யும், தப்பான பக்கமாக.

மறுநாள் பாஸ்போர்ட்டை அவர் மேஜையில் வைத்துக் கும்பிட்டேன்.

"மேடம், சாரி. நோ மோர் ஜோக். யூ கீப்."

அது உன்னுடையது, எடுத்துக்கொள் என்றார்.

"நோ மேடம். யூ கீப். ப்ளீஸ்."

மூன்று முறை அவர் நீட்டினார். மூன்று முறையும் தள்ளினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது மட்டும் நடிப்பில்லை. கடைசியில் அவர் கண்ணும் கலங்கியது. டிராயரைத் திறந்து உள்ளே போட்டார். இரங்கிவிட்டார் என்ற சந்தோஷத்தில் சமையலறைக்கு வந்து இரண்டு ஸ்கோன் தின்றேன்.

"ஏண்டா மாப்ள, கைக்கு வந்தத திருப்பியா குடுத்துட்டு வந்தே?" என்றார் காக்கா.

"மன்னிச்சுட்டாங்க காக்கா. நீங்களும் குடுத்துருங்க."

"கிறுக்கா ஒனக்கு? கடையில ஈ கூட வரல. ஷார்ஜாவுல எங்க ஊர்க்காரர் பேக்கரியில ரெண்டு ஆள் கேக்குறாங்க. பாஸ்போர்ட் காப்பி உடனே வேணுமாம். போய் வாங்கிட்டு வா."

"இப்பத்தான் கும்பிட்டுக் குடுத்தேன். ஒடனே போய்க் கேட்டா என்ன நெனப்பாங்க?"

"கொரங்குன்னு நெனப்பாங்க. அதான் ஏற்கனவே நெனச்சாச்சே!"

நான் போகவில்லை. காக்கா தன் காப்பியைக் கொடுத்து இடம் பிடித்தார். இன்னோர் இடத்தை அந்த வாரமே யாரோ ஒருவன் எடுத்துக்கொண்டான்.

பத்து நாள் போயிருக்கும். வெள்ளி, சனி வார லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் காக்காவும் போனால், வாசலில் சங்கிலி, பூட்டு. மேடத்தின் வீடும் காலி என்றான் குடியிருப்பு செக்யூரிட்டி. பெட்டிகளோடு நேற்றே ஏர்போர்ட் போய்விட்டாராம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லா மேஜையிலும் மஞ்சள் பூ.

அப்புறம்தான் டிராயர் ஞாபகம் வந்தது.

பின்பக்கம் ஓடி, ஆபீஸ் அறையின் சின்ன ஜன்னலில் ஏறினேன். தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு போகவில்லை. எல்லாம் ரொட்டி ஓர உப்புமாவின் உபயம். பாதி உள்ளே தொங்கியபடி பார்த்தால் டிராயர் திறந்து கிடந்தது. காலி.

"காக்கா, இழுங்க!"

"எந்தப் பக்கமா?"

"எந்தப் பக்கமாவது இழுங்க!"

அவர் இழுத்த இழுப்பில் பால் டிரேக்களின் மேல் விழுந்தேன். தினமும் பால்வேன்காரன் பின்வாசல் டிரேயில் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போவான். வந்ததும் அவற்றை எடுத்து உள்ளே வைப்பது என் முதல் வேலை என்று மேடத்துக்குத் தெரியும். அன்று அதில் பால் இல்லை. குல்லா இருந்தது. உள்ளே என் பாஸ்போர்ட். விசாவில் கேன்சல் முத்திரை இல்லை. ஒரு சீட்டுகூட இல்லை.

கடனை அடைக்க முடியாமல் தான் ஓட வேண்டியிருக்கும் என்று, பாஸ்போர்ட்டைக் கொடுத்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லவும் முடியாமல், எங்களை மாட்டிவிடவும் மனசில்லாமல்தான் நீட்டியிருக்கிறார். நான் மூன்று முறை தள்ளியிருக்கிறேன்.

"இப்பப் போடுடா பாப்போம்," என்றார் காக்கா, என்னைத் தேற்றுவதற்காக. "மில்க் ஃபர்ஸ்ட் சொல்லு."

மாட்டினேன். சுண்டுவிரலைத் தூக்கினேன். அப்படியே மடக்கிக்கொண்டேன்.

ஷார்ஜாவுக்கு நேரமாகிறது என்று காக்கா எழுந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தோளை ஒருதரம் அமுக்கிவிட்டு, ரோட்டுப் பக்கமாக நடந்தார். ஒரு மாதம் வேலை தேடி அலைந்து நான் ஊர் வந்து சேர்ந்தது பிற்பாடு. அன்றைக்குப் புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. டிரேயின் மேல் உட்கார்ந்தே இருந்தேன். குல்லாவைக் கழற்றவில்லை. காதில் மணல் போகாமலிருக்க அது வசதியாகத்தான் இருந்தது.