‘உள்ளே எட்டுப் பேர்’ எழுதிய புவனேஸ்வரி

அலுவலகத்தில் பகல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரி அக்காவின் மகள் கௌரியின் அழைப்பு வந்தது. “மிஸ், அம்மா போயிட்டாங்க,” என்றாள். “ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டே இருந்துச்சு. விடிஞ்சதும் நின்னுபோச்சு.” பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

எஹலியகொடவுக்கு மேலேயுள்ள அந்த றப்பர் தோட்டத்தில் இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலர் புவனேஸ்வரி அக்காவோடு வேலை செய்திருப்பீர்கள். றப்பர் பாலை உறையவைத்துத் தட்டிய சீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகையூட்டும் அறையில் இருபது வருடங்களுக்கு மேல் நின்றவர் அவர். நான் அவரை முதலில் அறிந்தது வேறு வழியாக. ‘உள்ளே எட்டுப் பேர்’ என்ற அறுபது பக்கக் குறுநாவலின் வாசகி நான்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஊர் அரச அலுவலகத்துக்கு எழுதுவினைஞராக வந்தவள். மூன்று முறை இடமாற்றம் கேட்டேன். நான்காவது முறை கேட்கவில்லை. அந்த நாட்களில்தான் புத்தகம் கைக்கு வந்தது. அவிசாவளை பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

கதை இவ்வளவுதான். மல்லிகா என்ற பெண் சீட்டுகளைத் திருப்பிப் போடப் புகையறைக்குள் போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. தட்டுகிறாள். பதிலுக்குத் தட்டும் சத்தம் அறைக்குள்ளிருந்தே, தொங்கும் சீட்டுகளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அங்கே ஏழு பெண்கள் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அதே வேலையைச் செய்தவர்கள். அவர்கள் வெளியே போக வழி கேட்கவில்லை. “காலையில பெரட்டுல எங்க பேரக் கூப்பிட்டாங்களா?” என்று, வேலைக்குப் பேர் கூப்பிடும் காலை வரிசையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். கடைசியில் கதவு திறக்கிறது. வெளிச்சம் உள்ளே விழுகிறது. மல்லிகா தன் வாயாலேயே சொல்கிறாள்: “கதவச் சாத்துங்க, புகை போயிரும்.”

அதோடு கதை முடிகிறது. எட்டாவது ஆள் யாரென்று அப்போதுதான் நமக்குப் புரிகிறது. புளித்த பாலின் வாடையையும் கண்ணெரிச்சலையும் சீட்டின் ஈரத்தையும் ஒரு வேலைக்காரி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார் அக்கா. பயமுறுத்த வேண்டும் என்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இரண்டு நாள் என் அறைக் கதவைத் தாழிட முடியாமல் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, பிறப்புச் சான்றிதழில் தவறாக விழுந்த எழுத்தைத் திருத்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். விண்ணப்பத்தில் அதே பெயர், அதே தோட்டம்.

“அக்கா, ‘உள்ளே எட்டுப் பேர்’ எழுதினது நீங்களோ?”

அவர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “மெதுவா பேசுங்க மிஸ். தோட்டத்துல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒவ்வொருத்தரா வந்து என்னைய எழுதுனியானு கேப்பாங்க.”

ஆனால் தெரிந்துவிட்டது. கொழும்புப் பத்திரிகை ஒன்று அவருடைய படத்தோடு நூலைப் பற்றி எழுத, அது தோட்டம்வரை வந்துசேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்து வரிசைவீடுகளில் அவருடைய காம்பராவில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெருமாள் வந்து வாசலில் நின்றார். புகையறைக்கு வெளியே அடுப்பெரித்த மனிதர். உள்ளே வராமலே பேசினார்.

“மருமகள வாசிக்கச் சொல்லி முழுசாக் கேட்டேன் புவனேஸ். அன்னைக்கு நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. எலினு நெனச்சுக்கிட்டேன். எலி இல்லேன்னும் தெரியும்.”

அக்கா உண்மையிலேயே உள்ளே அடைபட்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம். வெளியே மேற்பார்வையாளர் “என்ன சத்தம்?” என்று கேட்டதும், “ஒண்ணுமில்லீங்க, கதவத் தொறந்தா புகை போயிரும்” என்று பெருமாள் சொன்னதும்கூட உள்ளேயிருந்த அக்காவின் காதில் விழுந்திருக்கின்றன.

“எனக்குத் தெரியும் மாமா,” என்றார் அக்கா.

“அப்ப ஏன் அத நான் சொன்னதா எழுதல? அந்தப் புள்ள சொன்னதா எழுதியிருக்க?”

அக்கா தன் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒங்கள எழுதியிருந்தா குத்தம் ஒங்களோட முடிஞ்சிருக்கும் மாமா. மறுநாள் அந்தக் கதவச் சாத்துனது நான்தான். உள்ள ஆளு இருக்கானு பாத்தேனா? இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வர மாட்டேங்குது.”

பெருமாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவருக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு பதிப்பாளர், முடிவில் மல்லிகா வெளியே வரட்டும் என்று கேட்டார். எனக்கும் உள்ளூர அதே ஆசைதான். “அவள வெளியால விட்டிருக்கலாமே அக்கா?” என்றேன். “விட்டா நீங்க புத்தகத்த மூடிட்டு நிம்மதியாப் போயிருவீங்க மிஸ்,” என்றார். இரண்டாம் பதிப்பு வரவில்லை.

அக்காவுக்கு இருமல் முற்றியபோது, தன்னோடு வந்து இருக்கும்படி கௌரி கொழும்பிலிருந்து எத்தனையோ தடவை அழைத்தாள். அக்கா பையைக்கூட அடுக்கி வைத்திருந்தார். “தடுக்கறதுக்கு யாரும் இல்ல மிஸ். ஆனா கால் எழும்ப மாட்டேங்குது,” என்றார். என் மேசை இழுப்பறையில் நிரப்பாத இடமாற்றப் படிவம் ஒன்று கிடந்தது.

சாவு வீட்டில் யாரோ தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். பெருமாள் அதை எடுத்துக்கொண்டுபோய் வெளியே மண்ணில் குத்தி அணைத்தார். அவரை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஆறுதல் அல்ல, ஒரு பயம். பின்னேரங்களில் எங்கள் பழைய கோப்பறையைப் பூட்டுவது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை. இப்போதெல்லாம் பூட்டுமுன் உள்ளே போய், கடைசி அலுமாரிவரை நடந்து, தமிழிலும் சிங்களத்திலும் “யாராவது இருக்கிறீங்களா?” என்று கேட்கிறேன். சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள். பதில் வராது என்று தெரிந்தும், வருவதற்கு வேண்டிய நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.